கெட்ட ஒரு வழியும் கெடக்கூடாத ஏழும்

குளிர்க் களஞ்சியங்களுக்கும் நீர்த்தாங்கிகளுக்கும் பதிவுக் கருவிகள் செய்து கொடுப்பது என் தொழில். ஆகையால் ஒப்புமை மல்டிபிளெக்சர் என்ற சிறிய சிப் ஏறக்குறைய எனது ஒவ்வொரு போர்ட்டிலும் இடம்பெறுகிறது. எட்டு உணரிகள் இருக்கும். அவற்றை அளப்பதற்கு நல்ல ஏடிசி (வோல்ற்றளவை எண்ணாக மாற்றும் சிப்) ஒன்றுதான் இருக்கும். மூன்று முகவரிக் கம்பிகளைக் கொண்டு எட்டில் ஒன்றைத் தெரிந்து ஏடிசியோடு இணைத்துவிடுவது மல்டிபிளெக்சரின் வேலை. கொழும்பில் இதற்காகப் பெரும்பாலோர் முதலில் எடுப்பது 4051. ஆர்சிஏ நிறுவனம் 1968இல் தொடங்கிய 4000 வரிசையைச் சேர்ந்த இந்தச் சிப்பைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால், "தம்பி, எத்தினை வேணும்?" என்பதைத் தவிர வேறு கேள்வி வராது. அதன் வேகமான வடிவமான 74எச்சி4051உம் அப்படியே.

உணரியும் சிப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்வரை 4051இல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கம்பி பெட்டியை விட்டு வெளியே போகும்போதுதான் கதை மாறுகிறது. பேலியகொடைப் பக்கத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உணரிக் கம்பி கூரையோரமாக முப்பது மீற்றர் ஓடுகிறது. பக்கத்திலேயே கொம்பிரசரின் மின்கம்பியும் ஓடுகிறது. இணைப்புப் பெட்டியில் 24 வோல்ற்று வழங்கலும், உணரி தன் அளவீட்டை ஓட்டமாக அனுப்பும் 4–20 மில்லி அம்பியர் சமிக்ஞையும் அடுத்தடுத்த திருகுகளில் உட்கார்ந்திருக்கின்றன. மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்குகிறது. இந்த நிலையில் சிப்பின் உள்ளீட்டுக்கு வரக்கூடாத வோல்ற்றளவு வருமா என்று கேட்பது வீண். எப்போது வரும் என்றுதான் கேட்க வேண்டும்.

மிக எளிய உதாரணம் ஒன்று. 4–20 மில்லி அம்பியர் ஓட்டத்தை 1 முதல் 5 வோல்ற்றாக மாற்ற 250 ஓம் தடையி ஒன்றைப் போடுவோம். திருத்துநர் ஒருவர் கம்பியை ஒரு திருகு தள்ளிப் பூட்டிவிட்டால் 24 வோல்ற்றும் நேரே அந்தத் தடையியின் குறுக்கே வந்துவிடும். அதில் 96 மில்லி அம்பியர் பாயும், 2.3 வோற்று (watt) வெப்பம் பிறக்கும். கால் வோற்றுத் தடையி அதைத் தாங்காது. அது கருகி அறுந்துவிட்டால், அதுவரை தடையியோடு நின்ற தொல்லை மல்டிபிளெக்சரின் முனைக்கு முழு 24 வோல்ற்றாக வந்து சேரும்.

சிப்புக்குள் அப்போது என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் பல வேலைகள் இதைப் பாராமல் செய்யப்படுபவை. 4051இன் ஒவ்வொரு வழியும் (உள்ளீட்டுப் பாதையும்) சமாந்தரமாகப் பிணைத்த இரண்டு மொஸ்ஃபெட்டுகள், அதாவது மின்னால் திறந்து மூடும் திரான்சிற்றர்கள்: ஒன்று என் வகை, மற்றது பி வகை. பி வகை மொஸ்ஃபெட் அமர்ந்திருக்கும் சிலிக்கன் பகுதி (கிணறு) நேர் மின்வழங்கலோடும், என் வகை அமர்ந்திருக்கும் பகுதி மறை வழங்கலோடும் இணைந்திருப்பதால், ஒவ்வொரு உள்ளீட்டு முனையிலிருந்தும் இரு வழங்கல்களுக்கும் இருவாயிகள் (ஓட்டத்தை ஒரே திசையில் விடும் டயோட்டுகள்) தாமாகவே அமைந்துவிடுகின்றன. சமிக்ஞை இரு எல்லைகளுக்கும் உள்ளே இருக்கும்வரை அவை உறங்கும். நேர் வழங்கலை விட அரை வோல்ற்றுக்குச் சற்று மேலே உள்ளீடு ஏறியதும் அவற்றில் ஒன்று கடத்தத் தொடங்குகிறது. ஓட்டம் வழங்கல் கம்பிக்குள் பாய்கிறது. அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லையென்றால், அடுக்கடுக்காக அமைந்துள்ள பி, என் படைகள் தைரிஸ்டர் போலப் பூட்டிக்கொண்டு, வழங்கலை நிறுத்தும்வரை விடாமல் ஓட்டத்தை இழுத்துச் சிப்பைப் பொசுக்கிவிடும்.

சிப் பொசுங்குவதைக்கூட நான் பெரிய தீமையாகக் கருதுவதில்லை. பொசுங்கிய சிப் உடனே தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். பொசுங்காமல் பொய் சொல்லும் சிப்தான் ஆபத்தானது. உள்ளீட்டில் தொடர் தடையி ஒன்றைப் போட்டு ஓட்டத்தைச் சில மில்லி அம்பியருக்குள் அடக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சிப் பிழைக்கிறது. ஆனால் கிணற்றுக்குள் புகுந்த ஓட்டம் முழுவதும் ஒழுங்காக வழங்கல் கம்பிக்கே போவதில்லை. ஒரே கிணற்றில் அடுத்தடுத்து அமைந்த பி படைகள் யாரும் திட்டமிடாத ஒரு திரான்சிற்றராக நடந்துகொள்கின்றன. ஓட்டத்தின் ஒரு சிறு பங்கு பொது வெளியீட்டு முனைக்குக் கசிகிறது. அதோடு, பிழை வந்த வழியின் மூடிய (ஓட்டத்தை விடாத) மொஸ்ஃபெட்டே, அதன் மூலமுனை வாயிலை (அதைத் திறந்து மூடும் முனையை) விட அரை வோல்ற்று உயர்ந்துவிட்டதால், அரைகுறையாகத் திறந்துகொள்ளவும் கூடும். அந்த நேரத்தில் ஏடிசி பார்த்துக்கொண்டிருப்பது எந்தக் குறையும் இல்லாத இன்னொரு வழியை. அந்த நல்ல வழியின் மூலத் தடை 10 கிலோ ஓம் என்றும், கசிந்து வந்த ஓட்டம் 10 மைக்ரோ அம்பியர் என்றும் கொண்டால், அளவீடு 100 மில்லி வோல்ற்று தவறிவிடும். மூன்றாம் வழியில் கம்பி மாறியதால் ஆறாம் வழியின் வெப்பநிலை இரண்டு பாகை கூடுதலாகத் தெரியும். யாரும் மூன்றாம் வழியைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆறாவது உணரியைக் கழற்றி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே ஒரு மல்டிபிளெக்சரைத் தெரியும்போது, "எத்தனை வோல்ற்று தாங்கும்?" என்பதற்கு முன்னர், "ஒரு வழியில் பிழை இருக்கும்போது மற்ற ஏழு வழிகளும் உண்மை சொல்லுமா?" என்று கேட்பது என் வழக்கம். தரவுத்தாளின் முதற்பக்கத்தில் முதற் கேள்விக்கு விடை பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதுக்கு உள்ளே அட்டவணைகளைத் தேட வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. இலங்கையில் வேலை செய்பவர்கள் அதைத் தவிர்க்கவே முடியாது. கருவிக்கு மின் இல்லாதபோது என்ன நடக்கும்? 2022இன் நீண்ட மின்வெட்டுகள் போய்விட்டாலும், மின் போவதும் வருவதும் நின்றுவிடவில்லை. உணரிகள் மின்கலத்தில் தொடர்ந்து இயங்க, பதிவுக் கருவி மட்டும் அணைந்துபோகும் அமைப்புகள் நிறைய உண்டு. 4051இன் வழங்கல் பூச்சியமாகும் அந்த நேரத்தில், உள்ளீட்டில் நிற்கும் 5 வோல்ற்று அதே இருவாயி வழியாக வழங்கல் கம்பிக்குள் ஏறுகிறது. போர்ட் முழுதும் ஒன்றரை, இரண்டு வோல்ற்றில் அரைத்தூக்கத்தில் கிடக்கும். வழங்கல் முழுதாகப் பூச்சியத்தைத் தொடாததால், மின் திரும்பி வரும்போது மைக்ரோகொன்ட்ரோலரின் தொடக்க மீளமைப்பு ஒழுங்காக நிகழ்வதில்லை. கருவி விழித்தும் விழிக்காமலும் நின்றுவிடுகிறது. மின்வெட்டுக்குப் பிறகு "ஹேங்" ஆகும் கருவிகளுக்கு மென்பொருளைத் திட்டுவதற்கு முன்னர், மின்னை நிறுத்திவிட்டு வழங்கல் கம்பியில் வோல்ற்றுமானியை வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, வெளிப்பாகங்களைக் கொண்டு செய்யும் பாதுகாப்பு. பழைய வழியும் மலிவான வழியும் அதுவே: ஒவ்வொரு உள்ளீட்டிலும் ஒரு தொடர் தடையி, அதன் பின்னால் இரு வழங்கல்களுக்கும் இரண்டு ஷொட்கி இருவாயிகள். ஷொட்கி குறைந்த வோல்ற்றிலேயே கடத்துவதால், சிப்பின் உள் இருவாயிக்கு முன்னர் அது ஓட்டத்தை ஏற்றுக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது இடம் தடையியின் அளவு. 3.3 வோல்ற்றுக் கருவியின் உள்ளீட்டில் 1 கிலோ ஓம் போட்டிருக்கையில் 24 வோல்ற்று வந்தால், ஏறக்குறைய 20 மில்லி அம்பியர் பாயும், தடையியில் 0.4 வோற்று எரியும். போர்ட்டில் நாம் வழக்கமாக ஒட்டும் 0805 அளவுத் தடையி எட்டிலொரு வோற்றுக்குரியது. ஒரு நொடி தாங்கும், ஒரு வார இறுதி தாங்காது. கம்பி மாற்றிப் பூட்டப்பட்ட பிழையோ வார இறுதி முழுதும் நிற்கக்கூடியது. 10 கிலோ ஓமுக்கு மாறினால் வெப்பம் 40 மில்லி வோற்றாகக் குறைந்துவிடும். ஆனால் அங்கேயே இரண்டாவது இடைஞ்சல் தொடங்குகிறது: ஷொட்கியின் கசிவோட்டம். பிஏடி54 என்ற பெயரில் எங்கும் கிடைக்கும் இருவாயிக்கு, 25 பாகை செல்சியசிலும் 25 வோல்ற்று மறு (எதிர்த்திசை) அழுத்தத்திலும் தரவுத்தாள் தரும் உச்சக் கசிவு 2 மைக்ரோ அம்பியர். 10 கிலோ ஓமில் அது 20 மில்லி வோல்ற்று, 3.3 வோல்ற்றை 12 பிற்றில், அதாவது 4096 படிகளாக, அளக்கும் ஏடிசியில் 25 படிகள். உண்மையான சுற்றில் மறு அழுத்தம் குறைவு, மேலும் கீழும் உள்ள இரு இருவாயிகளின் கசிவும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதால் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனால் தகரக் கூரையின் கீழ் பூட்டிய பெட்டிக்குள் கொழும்பின் பகல் வெப்பம் 25 பாகையில் நிற்பதுமில்லை. கசிவு வெப்பத்தோடு பன்மடங்காக ஏறுகிறது. கசிவு முக்கியமான இடத்தில் பிஏவி199 போன்ற சிலிக்கன் இருவாயியே சரி. அதன் உச்சக் கசிவு 75 வோல்ற்றிலும் 5 நனோ அம்பியர்தான். ஆனால் அது ஷொட்கி போல முந்திக்கொண்டு கடத்தாது. சிப்பின் உள் இருவாயியும் அதுவும் ஓட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

மூன்றாவது இடைஞ்சலைப் பலர் கவனிப்பதில்லை. இருவாயிகள் ஓட்டத்தை வழங்கல் கம்பிக்குள் தள்ளுகின்றன. ஆனால் அந்தக் கம்பிக்கு 3.3 வோல்ற்றைக் கொடுக்கும் சாதாரண ஒழுங்காக்கிக்கு ஓட்டத்தைக் கொடுக்கத் தெரியுமே தவிர வாங்கத் தெரியாது. போர்ட் மொத்தமாக 8 மில்லி அம்பியர் மட்டுமே செலவழிக்கும்போது 20 மில்லி அம்பியர் உள்ளே வந்தால், மிச்சம் 12 மில்லி அம்பியரும் வழங்கலை மேலே தூக்கிவிடும். குறைந்த மின்னில் இயங்கும் கருவி என்று நாம் பெருமைப்பட்ட அதே குணம் இங்கே எதிரியாகிவிடுகிறது.

இதற்கு இடையில் ஒரு நடுவழி உண்டு: 74எச்சி4851. கால்களின் ஒழுங்கு 4051க்குரியதே. ஆனால் உள்ளே புகும் ஓட்டத்தை ஏந்தி, மற்ற வழிகளுக்குப் பரவாமல் திசைதிருப்பும் சுற்று அதில் சேர்க்கப்பட்டுள்ளது. மோட்டார் வாகன மின்னணுவியலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வெளியே ஒரு தொடர் தடையி கட்டாயம் வேண்டும். 24 வோல்ற்றைத் தானாக அது தாங்காது. ஆனால் நான் மேலே சொன்ன இரண்டாம் கேள்விக்கு, அதாவது அயல்வழிகளின் உண்மைக்கு, மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் விடை இதுவே. உரிய அளவுக்கு இதைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து.

சிப்புக்குள்ளேயே முழுப் பாதுகாப்பையும் வைக்கும் எண்ணம் புதியதன்று. ஹாரிஸ் நிறுவனத்தின் எச்ஐ-546, எச்ஐ-508ஏ, பர்-பிரவுனின் எம்பிசி508ஏ ஆகியவை உச்சத்திலிருந்து உச்சம்வரை 70 வோல்ற்று தாங்குவதாக அந்நாளிலேயே விற்கப்பட்டன. ஒவ்வொரு பாகத்தையும் காப்புப் படையால் சுற்றிப் பிரித்து வார்த்ததால் பூட்டிக்கொள்ளும் தைரிஸ்டருக்கு அங்கு இடமில்லை. விலையாக, வழி திறந்திருக்கும்போதும் அதன் தடை ஒரு கிலோ ஓமுக்கு மேல். (ஹாரிசின் அந்தப் பகுதி இன்டர்சிலாகிப் பின்னர் ரெனெசாசிடமும், பர்-பிரவுன் 2000இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்சிடமும் போய்விட்டதால், பழைய தரவுத்தாளைத் தேடுபவர் எந்தப் பெயரில் தேடுவது என்று தடுமாறுவார்.)

அடுத்து வந்தது எனக்குப் பிடித்த தந்திரம். அனலொக் டிவைசசின் ஏடிஜி508எஃப் போன்றவற்றில் மொஸ்ஃபெட்டுகள் சமாந்தரமாக அல்லாமல் தொடராக நிற்கின்றன: என், பி, மறுபடி என். வழி திறந்திருக்கையில் என் வகையின் வாயில் நேர் வழங்கலிலும் பி வகையின் வாயில் மறை வழங்கலிலும் இருக்கும். உள்ளீடு நேர் வழங்கலைத் தாண்டினால், முதலாவது என் மொஸ்ஃபெட்டுக்குத் திறந்திருக்கத் தேவையான வாயில் வோல்ற்றளவு கிடைக்காமல் போய், அது தன் வாயிலுக்குச் சற்றுக் கீழான வோல்ற்றுக்கு மேல் எதையும் அப்பால் விடாது. உள்ளீடு மறை வழங்கலுக்குக் கீழே இறங்கினால் பி மொஸ்ஃபெட் அதே காரணத்தால் மூடிக்கொள்ளும். வழங்கலே இல்லாதபோதும், எல்லா வாயில்களும் பூச்சியத்தில் நிற்க, நேர் வோல்ற்றை என் வகையும் மறை வோல்ற்றைப் பி வகையும் தடுத்துவிடுகின்றன. யாரும் கண்டறிந்து யாருக்கும் கட்டளை இட வேண்டியதில்லை. இயற்பியலே வாயிற்காவலனாக நிற்கிறது. குறை என்னவென்றால், நல்ல சமிக்ஞைக்கும் அதே காவல்தான்: வழங்கலின் எல்லைகளை எட்டுவதற்கு ஒன்றிரண்டு வோல்ற்று முன்னரே சமிக்ஞை மழுங்கத் தொடங்கும். திறந்த வழியின் தடையும் சமிக்ஞையின் அளவோடு ஏறி இறங்கும். 15 வோல்ற்று இரட்டை வழங்கல் உள்ள இடத்தில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. 5 வோல்ற்றில் பெரும் இழப்பு.

இப்போதைய தலைமுறை அந்தக் குறையைக் கண்டறியும் சுற்றினால் தீர்க்கிறது. ஏடிஜி5208எஃப் நேரிலும் மறையிலும் 55 வோல்ற்று, டெக்சசின் டிமக்ஸ்7308எஃப் 60 வோல்ற்று. மின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே அளவு. ஒவ்வொரு உள்ளீட்டையும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று வழங்கலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்; ஏறக்குறைய 0.7 வோல்ற்று தாண்டியதும் அந்த வழி மட்டும் மூடப்படும். மூடிய முனை உயர் தடையாகிவிடுவதால் மைக்ரோ அம்பியர் அளவுக்கு மேல் ஓட்டமே உள்ளே வருவதில்லை. ஓட்டம் வராததால் வழங்கல் கம்பி ஏறுவதில்லை, அயல்வழிகள் கலங்குவதில்லை, தொடர் தடையியும் எரிவதில்லை. சமிக்ஞையும் வழங்கலின் ஓர் எல்லையிலிருந்து மற்ற எல்லைவரை தாராளமாகப் போகலாம். ஏடிஜி5208எஃப்இல் திறந்த வழியின் தடை 250 ஓம். 4051க்கு 5 வோல்ற்றில் அது 470 ஓம் என்பதை நினைவிற்கொண்டால், பாதுகாப்புக்காக இங்கே தடையில் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்பது விளங்கும். ஏடிஜி5248எஃப், டிமக்ஸ்7348எஃப் ஆகியவை ஒரு படி மேலே போய், பிழை வந்ததை ஒரு முனையில் கொடி காட்டித் தெரிவிக்கின்றன. எந்த அளவைத் தாண்டினால் பிழை என்பதையும் நாமே தனி வழங்கலால் தீர்மானிக்கலாம்.

ஆனால் இவை 3.3 வோல்ற்றுத் தனி வழங்கலில் இயங்குபவை அல்ல. தனி வழங்கலென்றால் குறைந்தது 8 வோல்ற்று, இரட்டை வழங்கலென்றால் குறைந்தது 5 வோல்ற்று வீதம் வேண்டும். சிறு கருவிக்குள் அதற்காக ஒரு வழங்கல் மாற்றியைப் புகுத்த வேண்டியிருக்கும். 230 வோல்ற்று மாறல் மின்னின் உச்சம் 325 வோல்ற்று. கொம்பிரசர் கம்பியின் காப்பு கிழிந்து உணரிக் கம்பியில் பட்டால் இந்தச் சிப்புகளில் எதுவும் நிலைக்காது. அதற்கு உருகியும் இடைவெளியும் காப்புப் பிரிப்புமே வழி.

மின்னலின் கதை வேறு. நேரடி இடிக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. தூரத்து இடி நீண்ட கம்பியில் தூண்டும் குறுகிய அலைக்கு டிவிஎஸ் இருவாயி (திடீர் வோல்ற்று எழுச்சியைப் பிடித்து அடக்கும் பாகம்) வேண்டும். இங்கேதான் பாதுகாப்புள்ள மல்டிபிளெக்சரின் பெரிய அனுகூலம் இருக்கிறது. எஸ்எம்ஏஜே15ஏ என்ற டிவிஎஸ் 15 வோல்ற்று வரை சும்மா இருக்கும். முழு அலையின்போது அது பிடித்து நிறுத்தும் அளவு 24.4 வோல்ற்று. 15 வோல்ற்று வழங்கலில் இயங்கும் சாதாரண மல்டிபிளெக்சருக்கு அந்த 24.4ம் கொல்லும் அளவே. அதைக் குறைக்கச் சிறிய டிவிஎஸ் போட்டால் நல்ல சமிக்ஞையையே அது கடிக்கும். அதிலும் 24 வோல்ற்று நிரந்தரமாக வந்து நின்றால் டிவிஎஸ் எரிந்துவிடும், ஏனென்றால் அது மைக்ரோ செக்கன்களுக்காகச் செய்யப்பட்டதே தவிர மணித்தியாலங்களுக்காக அல்ல. 55 வோல்ற்று தாங்கும் மல்டிபிளெக்சர் பின்னால் இருந்தால் 24 வோல்ற்றில் கடத்தாத, பெரிய எண்ணுடைய டிவிஎஸ்ஸைத் தயக்கமின்றிப் போடலாம்: நிரந்தரப் பிழையைச் சிப் பார்த்துக்கொள்ளும், நொடிப்பொழுது அலையை டிவிஎஸ் பார்த்துக்கொள்ளும்.

தொடர் தடையியை அப்போதும் முற்றாக நீக்கிவிட நான் விரும்புவதில்லை. அதே வேளை பெரிதாக வைக்கவும் விரும்புவதில்லை. வழி மாறும் ஒவ்வொரு முறையும் வெளியீட்டுப் பக்கத்துக் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) புதிய வோல்ற்றுக்கு நிரம்ப வேண்டும். 10 கிலோ ஓமும் 50 பிக்கோ பரட்டும் சேர்ந்தால் நேர மாறிலி அரை மைக்ரோ செக்கன். 12 பிற்றில் அரைப் படிக்குள் அமர அதைப் போல ஒன்பது மடங்கு, அதாவது நாலரை மைக்ரோ செக்கன் காத்திருக்க வேண்டும். குளிர்க் களஞ்சியத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. அதிர்வை அளப்பவருக்குப் பெரும் பொருட்டு. பிளாட்டினம் வெப்பநிலை உணரி வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிரி100 (பூச்சியப் பாகையில் 100 ஓம் தடையுள்ள பிளாட்டினம் உணரி) பாகைக்கு 0.385 ஓம் மாறுகிறது, 1 மில்லி அம்பியரில் அது 0.385 மில்லி வோல்ற்று. தூண்டும் ஓட்டத்தையும் அளக்கும் கம்பியையும் ஒரே வழியால் விட்டால், மல்டிபிளெக்சரின் 250 ஓம் உணரியின் 100 ஓமை விழுங்கிவிடும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி வழிகள் வேண்டும்.

இந்தச் சிப்புகளை முதலாம் குறுக்குத் தெருவில் நான் தேடுவதில்லை. வெளிநாட்டு விநியோகத்தரிடமிருந்து தருவிக்கிறேன், விலையும் 4051ஐ விடப் பல மடங்கு. இடைத்தரகர் மூலம் வந்த சிப் என்றால், போர்ட்டில் ஒட்டுவதற்கு முன்னர் ஒரு சோதனை செய்வது நல்லது. சிப்புக்கு வழங்கல் கொடுக்காமல், அதன் வழங்கல் முனைகளை நிலத்தோடு இணைத்துவிட்டு, 10 கிலோ ஓம் தடையி ஊடாக ஓர் உள்ளீட்டுக்கு 30 வோல்ற்று கொடுங்கள். உண்மையான சிப்பில் தடையியின் குறுக்கே மிகச் சொற்ப வோல்ற்றளவே தெரியும். பெயர் அழித்து மறுபெயர் அச்சிட்ட சாதாரண மல்டிபிளெக்சரானால் உள் இருவாயி கடத்தி, தடையியில் 29 வோல்ற்றுக்கு மேல் காட்டும். பின்னர் திசையை மாற்றி மறை 30 வோல்ற்றிலும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது வரைந்துகொண்டிருக்கும் போர்ட்டில் பெட்டிக்கு வெளியே போகும் எட்டு வழிகளுக்கு டிமக்ஸ்7348எஃப்ஐயும், பெட்டிக்குள்ளேயே இருக்கும் மின்கல வோல்ற்றளவு போன்றவற்றுக்கு 74எச்சி4851ஐயும் வைத்திருக்கிறேன். பிழைக் கொடியை மைக்ரோகொன்ட்ரோலரின் குறுக்கீட்டு முனைக்குக் கொண்டுபோய், எந்த வழி, எத்தனை மணிக்கு என்று பதியச் செய்திருக்கிறேன். அந்தப் பதிவு கையில் இருந்தால், ஆறாம் உணரியைக் கழற்ற ஏணியில் ஏறும் திருத்துநரை மூன்றாம் கம்பியின் திருகுக்கு அனுப்பிவிடலாம்.